கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு: அந்த விளம்பரங்களை நிறுத்துங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

புறக்கோட்டையில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக வேலை செய்கிறேன். “தாது நஷ்டமா? நரம்புத் தளர்ச்சியா? இல்லற வாழ்வுக்குத் தகுதி இழந்துவிட்டீர்களா?” என்று உங்கள் பக்கங்களில் வரும் விளம்பரங்கள் யாரைப் போய்த் தாக்குகின்றன என்பதை அன்றாடம் பார்க்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு தம்பி வந்தான். ஹட்டன் பக்கம் ஊர். இங்கே புடவைக் கடையில் வேலை. மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை பனடோல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றான். பிறகு கைப்பேசி உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து, வாய் திறக்காமல் மேசையில் வைத்தான். தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது, மலம் கழிக்க முக்கும்போது ஓரிரு துளி வெள்ளையாகக் கசிகிறது. அவனுக்கு இருந்தது அவ்வளவுதான். அதற்காக வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் லேகியம் வாங்கியிருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்த அம்மாவுடன் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

தூக்கத்தில் வெளியேறுவது இயற்கை. முக்கும்போது கசிவது பெரும்பாலும் புரோஸ்டேட் சுரப்பியின் நீர். ஆசை எழும்போது வரும் தெளிந்த பிசுபிசுப்பு வேறொரு சிறு சுரப்பியினுடையது. சிறுநீர் சில வேளை கலங்கிப் போவதற்குப் பொஸ்பேற் உப்பும் காரணமாகலாம். இவற்றால் உடல் உருகிப் போவதில்லை. ஒரு துளி விந்து உருவாக நாற்பது துளி இரத்தம் வேண்டும் என்ற கணக்குக்கு எந்த ஆதாரமும் கிடையாது. பருவமடைந்ததிலிருந்து விந்தணு வாழ்நாள் முழுக்க உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் இந்தப் பையன்கள் சொல்லும் களைப்பும் படபடப்பும் நித்திரையின்மையும் பொய்யல்ல. அவற்றைக் கொண்டுவருவது பயம். இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960இலேயே இதற்குத் ‘தாத்’ (அதாவது தாது, விந்து) நோய்க்குறி என்று பெயரிட்டார். அந்தப் பயத்தைத்தான் இந்த விளம்பரங்கள் வாராவாரம் ஊட்டி வளர்க்கின்றன. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்த வைத்தியர் யாரும் நாடி பிடிக்காமல், முகம் பாராமல் மருந்தைத் தபாலில் அனுப்புவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்கு அதிகக் கோபம் வருவது இங்கேதான். மஞ்சளாகச் சீழ் வடிந்தால், சிறுநீர் எரிந்தால், விதைப்பை வலித்தால், அது பாலுறவால் தொற்றும் கொனோரியாவாகவோ கிளமீடியாவாகவோ இருக்கலாம். உரிய மருந்தால் குணமாகக்கூடியவை. அந்த நோயாளியும் இதே விளம்பரத்தை நம்பி லேகியம் சாப்பிட்டுக் காத்திருக்கிறான். அதற்குள் நோய் மனைவிக்கும் தொற்றுகிறது. பிள்ளைப்பேற்றையே பாதிக்கும் அளவுக்கு முற்றிவிடவும் கூடும்.

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். விபரம் வெளியே போகாது. புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம். என்னிடம் வந்த பையன்களில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. லேகியக்காரரின் தொலைபேசி இலக்கம் மட்டும் மனப்பாடம்.

விளம்பர வருமானம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது புரிகிறது. ஆயினும், வைத்தியர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் பெறாத எந்தப் பாலியல் மருந்து விளம்பரத்தையும் இனி வெளியிடாதீர்கள். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்தச் சிகிச்சை நிலையத்தின் முகவரியைப் போடுங்கள். வாசகர் கேள்விகளுக்கு வைத்தியர் பதில் எழுதும் பகுதி ஒன்றைத் தொடங்குங்கள். பெயர் கேட்காமல் கேள்விகளை வாங்கி உங்களிடம் சேர்ப்பிக்கும் வேலையை என் கடையிலேயே செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
புறக்கோட்டை மருந்தாளர் ஒருவர்