மகேந்திரகிரி எந்த மாவட்டம்?

ஆரல்வாய்மொழி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. பக்கத்து வீட்டு மாமாவின் மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி மையம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதாக யாரோ எழுதியிருந்ததை நீ யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்று மாற்றினாய் அல்லவா? ஊர்ப்பிள்ளையே ஊரை விட்டுக்கொடுக்கலாமா என்று கேட்கிறார். நீ செய்ததுதான் சரி, மக்களே. மலையின் இந்தப் பக்கம் நம் கன்னியாகுமரி மாவட்டம்; மையம் இருப்பது அந்தப் பக்கம், பணகுடியை ஒட்டி. சரக்கல்விளையில் பிறந்த சிவன், மேலக்காட்டுவிளையில் பிறந்த நாராயணன் என்று இஸ்ரோவுக்கு இரண்டு தலைவர்களைக் கொடுத்த மாவட்டம் இது. அடுத்த மாவட்டத்துக்கு உரியதையும் இழுத்து நம் கணக்கில் எழுதினால்தான் பெருமையா?

நீ அங்கே எழுதி, அச்செடுத்து அனுப்பிய கிரையோஜெனிக் என்ஜின் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும் ராக்கெட் என்ஜின்) கட்டுரையை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். அந்தக் குளிரில் பம்பு சுழல வேண்டும். சற்றுத் தள்ளி ஆயிரக்கணக்கான டிகிரியில் நெருப்பு எரிய வேண்டும். 2010 ஏப்ரல் 15 அன்று ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் பம்பு நின்றுபோய் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கடலில் விழுந்ததை நீ மறைக்கவில்லை. காரணத்தோடு எழுதிவிட்டு, அதன் பிறகுதான் நம் கிரையோஜெனிக் என்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. வென்ற 2014 ஜனவரி 5-க்கு வந்திருக்கிறாய். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். முதல் தேதியை விட்டுவிட்டால், இடையில் அந்த மனிதர்கள் பட்ட பாடு படிப்பவனுக்கு எப்படித் தெரியும்?

இதற்குச் சம்பளம் உண்டா என்று உன் அத்தை கேட்டாள். இல்லை என்றேன். பிறகு எதற்கு ராத்திரி கண்விழிக்கிறாள் என்றாள். மேலத்தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் நோட்டைக் காட்டச் சொன்னேன். உன் கட்டுரையைப் பார்த்து என்ஜினை வரைந்து, மைனஸ் 253-ஐப் பச்சை மையில் கட்டம் கட்டி வைத்திருக்கிறாள். அத்தை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

ராக்கெட், மட்டிப்பழம், சிதறால் சமணர் படுக்கை என்று நீ தாவித் தாவி எழுதுவது எனக்குச் சந்தோஷம். அடுத்து மாத்தூர் தொட்டிப்பாலம் என்றாய். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தண்ணீர் போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அப்பா பார்த்தார் என்பது ஆதாரமாகாது என்கிறாய். நியாயம்தான். நான் எடுக்கும் படத்தை, யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுத்து ஏற்றலாம் என்றும் நீதான் சொன்னாய். அப்படியானால் அந்த வேலை என்னுடையது. 1966-இல் கட்டியது என்பதற்கு அச்சிட்ட சான்றை நீ தேடிக்கொள்.

கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கும் நாளாகப் பார்த்துத் திருவட்டாறு பஸ்ஸில் போகிறேன். மேலே தொட்டிக்குள் தண்ணீர் ஓடுவது தெரிய எடுக்க வேண்டுமா, ஆற்றங்கரையில் இறங்கி நின்று தூண்கள் முழுதாக வரும்படி எடுக்க வேண்டுமா? உடனே பதில் எழுது.

அன்புடன்,
அப்பா