மூக்கு லாரிகளும் நாமும்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அய்யா அவர்களுக்கும், பொருளாளருக்கும், சங்கத்து உறவுகளுக்கும் வணக்கம். போன வருடம் அறிக்கை நீளம் என்று குறைப்பட்டீர்கள். இந்த முறை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

என்ஜின் முன்னே மூக்குப்போல் நீண்ட பழைய லாரிகளைக் காப்பது நம் சங்கம். நம்மிடம் இருப்பது ஒன்பது லாரி. ஓடுவது ஆறு: டாடா மூன்று, லேலண்டு கோமெட் இரண்டு, பம்பாய் பிரீமியர் கம்பெனியில் செய்த ஃபார்கோ ஒன்று. நிற்கும் மூன்றில் ஒன்றின் கேபினுக்குள் கோழி அடைகாக்கிறது.

எந்த டாடாவை மெர்சிடிஸ் என்று சொல்லலாம் என்ற தகராறைத் தீர்க்க வேண்டியிருந்தது. டாடாவும், மெர்சிடிஸ் வண்டி செய்த ஜெர்மன் கம்பெனி டைம்லர் பென்ஸும் 1954இல் சேர்ந்து, 1969இல் பிரிந்தார்கள். மூக்கில் மெர்சிடிஸ் நட்சத்திரம் வைத்து வந்த வண்டி எல்லாம் அதற்குள் வந்ததுதான். நம் உறுப்பினர் ஒருவரின் வண்டியிலும் நட்சத்திரம் மின்னுகிறது, ஆர்.சி. புத்தகத்திலோ 1972. "எங்கப்பா வாங்கறப்பவே இருந்துச்சுங்க" என்கிறார். இருந்திருக்கலாம். பழையது என்ற பட்டியலில் சேர்த்துக்கொண்டோம், மெர்சிடிஸ் என்ற பட்டியலில் சேர்க்கவில்லை.

ஆண்டின் பெரிய காரியம் கொல்லிமலைப் பயணம். ஆடிப் பதினெட்டுத் திருவிழாக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முந்தியே, ஒரு டாடாவும் ஒரு கோமெட்டும் வெறும் வண்டியாக மலையடிவாரக் காரவள்ளியில் ஏறத் தொடங்கின. மேலே போய் வாழைத்தார் ஏற்றி வருவதாகத் திட்டம். மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு. பவர் ஸ்டீயரிங் கிடையாது. வளைவுக்கு வளைவு டபுள் கிளட்ச், அதாவது ஒரு கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும். பாதி மலையில் கோமெட் இருமி நின்றுவிட்டது. டீசல் லைனில் காற்று. கை பம்ப் அடித்து ஏர் எடுத்தால், பத்து நிமிடத்தில் மறுபடி நிற்கிறது. ஓட்டிவந்த மாமா பைப்பைக் கழற்றி, மூட்டில் காற்றுப் புகாமல் அடைக்கும் செம்பு வாஷரைக் காட்டினார். இறுகிப்போய் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. மாற்று வாஷர் இல்லை. "மாப்ள, அடுப்பு எங்கிருக்குன்னு பாரு" என்றார். அடுத்த வளைவுக் கடையில் டீ போடும் அடுப்பிலேயே வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டோம். இரும்பு இறுகும், செம்பு இளகும். மெத்தென்று ஆனதை மாட்டி முடுக்கினார்; குமிழி நின்றது. மலை ஏறி இறங்கும்வரை கோமெட் முனகவில்லை. கடைக்கார அம்மா டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

வண்டிகளை வண்ணம் பூசிக் கொட்டகையில் நிறுத்திவைக்கலாம் என்று இளைய உறுப்பினர்கள் பேசினார்கள். எனக்கு உடன்பாடில்லை, பொதுக்குழுவிலும் சொன்னேன். நின்ற லாரிக்கு முதலில் சாவது டயர், அடுத்தது பிரேக் ரப்பர். ஆகவே ஊருக்குள் குச்சிக்கிழங்கு மூட்டை, கோயில் பந்தல் சாமான், பள்ளிக்கூட பெஞ்சு என்று மூன்று டன்னுக்கு மேற்படாமல் பாரம் ஏற்றுகிறோம். வாடகை இல்லை, டீசல் போட்டு, ஓட்டுபவருக்குச் சோறு போட்டால் போதும். ஆயுத பூஜைக்கு ஆறு வண்டிக்கும் சேர்த்து ஒரே பூசணிக்காய் என்ற சிக்கனத்துக்குப் பொருளாளரே பொறுப்பு.

குறை ஒன்று உண்டு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வண்டி விதி, ஐம்பது வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். அவற்றுக்குத் தனி நம்பர் வரிசை, தனி மரியாதை. லாரிக்கு அதில் இடமில்லை. மாறாக, 2022 ஏப்ரலில் பதினைந்து வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. (ஓடத் தகுதி உள்ளது என்ற சான்று) புதுப்பிக்கும் கட்டணம் 12,500 ரூபாய் ஆனது. மாதம் நாலு நாள் ஓடும் வண்டிக்கும் அதே கணக்கு. மனு அனுப்பினோம், பதில் வரவில்லை. இந்த வருடமும் அனுப்புவோம்.

2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாம். நல்லதுதான். என்ஜின் சூட்டில் முழங்கால் வேக, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு ஓட்டியவர்கள் இங்கே பாதிப்பேர் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு வேண்டியது மரக் கேபின் வேலை தெரிந்த ஆசாரி. இருப்பவர் ஒருவர், அவருக்கும் பார்வை மங்குகிறது. அவர் அருகில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் பையன் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கூலியைச் சங்கம் கொடுக்கும்.

கணக்கைப் பொருளாளர் படிப்பார். ஃபார்கோவுக்கு 9.00-20 டயர் இரண்டு, டியூபும், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே போடும் பிளாப்பும் சேர்த்து, யார் வீட்டுக் கொட்டகையில் கிடந்தாலும் கொண்டுவாருங்கள். கோழி குஞ்சு பொரித்துவிட்டால், வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்த வண்டியைத் தள்ளி வெளியே எடுக்கிறோம். எட்டுப் பேராவது வேண்டும்.