நான்கு வாசல்களும் எப்போதும் திறந்தா இருந்தன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமிர்தசரஸ் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், பொற்கோயிலின் நான்கு வாசல்களையும் பற்றி, “எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்தவரும் உள்ளே வரலாம்” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு தங்கத் தகடுகளுக்குப் போய்விட்டார் கட்டுரையாளர். அந்த வரி பொய்யல்ல. கட்டிய நாளிலிருந்து இன்றுவரை அது தானாகவே நடந்துவருகிறது என்ற எண்ணத்தைத் தருகிறதே, அதுதான் சரியில்லை. பணிக்காலத்தில் சில ஆண்டுகள் அமிர்தசரஸில் குடியிருந்தவன் நான். அங்கே பெரியவர்களிடம் கேட்டதும் பிறகு தேடிப் படித்ததும் வேறு கதை.

சீக்கியர்களின் நான்காம் குரு ராம்தாஸ் 1577இல் வெட்டத் தொடங்கிய குளத்தின் நடுவில் ஹர்மந்திர் சாகிபை, அதாவது பொற்கோயிலை, எழுப்பியவர் ஐந்தாம் குரு அர்ஜன். 1604இல் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தைத் தொகுத்து அங்கே வைத்தவரும் அவர்தான். உள்ளே விக்கிரகம் கிடையாது. மக்கள் தலைவணங்குவது அந்த நூலுக்குத்தான். நூலில் இருப்பவை குருமார்களின் பாடல்கள் மட்டுமல்ல. நெசவாளி கபீர், தையற்காரர் நாமதேவர், செருப்புத் தைத்த ரவிதாஸ், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் உண்டு. தன் காலத்துக் கோயில்களுக்குள் நுழைய முடியாத ரவிதாஸின் சொல்லுக்கு மகாராஜா ரஞ்சித் சிங்கும் தரையில் நெற்றி பட வணங்கியாக வேண்டும். அந்த இடத்தின் ஆன்மிகம் எதில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். தங்கம் பின்னால் வந்தது. ரஞ்சித் சிங் பூசியது.

இதற்கும் முன்பே, பஞ்சாபின் கோயிந்த்வால் என்ற ஊரில் மூன்றாம் குரு அமர்தாஸ் ஒரு விதி வைத்திருந்தார்: முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதன் பிறகுதான் குருவைப் பார்க்கலாம். பேரரசர் அக்பரே அப்படி உட்கார்ந்து சாப்பிட்டார் என்று சீக்கிய மரபு சொல்கிறது. அங்குள்ள 84 படிக் கிணற்றைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. உங்கள் கட்டுரையாளர் அந்தப் பக்கம் போகவே இல்லை போலிருக்கிறது.

இவ்வளவு தெளிவாக வகுத்துக் கொடுத்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சீக்கியக் கோயில்களான குருத்வாராக்கள் பல, மகந்துகள் எனப்படும் பரம்பரை நிர்வாகிகளின் சொந்தச் சொத்துப்போல ஆகிவிட்டன. அமிர்தசரஸில் நிர்வாகியை நியமித்தது பிரிட்டிஷ் அரசு. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியரானவர்கள் கொண்டுவரும் பிரசாதத்தைப் பூசாரிகள் வாங்க மாட்டார்கள்.

1920 அக்டோபர் 12 அன்று, கால்சா பிராதரி என்ற அமைப்பின் கூட்டம் ஜாலியன்வாலா பாக்கில் நடந்தது. அமிர்தம் என்ற தீட்சை பெற்றுச் சீக்கியரான தாழ்த்தப்பட்ட மக்கள் கடா பிரசாதத்தை (கோதுமை மாவில் செய்த அல்வா) ஏந்தி, பேராசிரியர்களும் மாணவர்களும் உடன்வர, ஹர்மந்திர் சாகிபுக்குப் போனார்கள். பூசாரிகள் மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றியது. கடைசியில் கிரந்தத்தையே கேட்டுவிடுவோம் என்று முடிவானது. சீக்கியர் வழக்கம் இது: கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து, அங்கு வரும் பாடலைக் குருவின் கட்டளையாக ஏற்பது. ஹுக்கம் என்பார்கள். அன்று வந்தது குரு அமர்தாஸின் பாடல். குணமில்லாதவர்களையும் இறைவன் தானே மன்னித்து, சத்குருவின் சேவையில் சேர்த்துக்கொள்கிறான் என்பது அதன் பொருள். பூசாரிகளுக்கு மேலே பேச இடமில்லை. பிரசாதத்தை ஏற்றார்கள். கூட்டம் எதிரே இருந்த, சீக்கியர்களின் தலைமைப் பீடமான அகால் தக்துக்கு நகர்ந்ததும், அங்கிருந்த பூசாரிகள் இடத்தைவிட்டே போய்விட்டார்கள். அடுத்த மாதமே குருத்வாராக்களை நிர்வகிக்கச் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவாயிற்று.

தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நம்பிக்கையுள்ள சீக்கியருக்கு அது வாசலைக் குருவே திறந்துவிட்ட நாள்.

பிறகு நடந்ததெல்லாம் ரத்தம். 1921 பிப்ரவரி 20 அன்று, குரு நானக் பிறந்த நங்கானா சாகிபில் மகந்தின் ஆட்கள் சீர்திருத்தக்காரர்களை வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். 1922இல் குரு கா பாக் என்ற இடத்தில், லங்கர் எனப்படும் பொதுச் சமையலறையின் அடுப்புக்கு விறகு வெட்டப் போன அகாலிகளை, அதாவது சீர்திருத்தத் தொண்டர்களை, போலீஸ் தடியால் அடித்தது. கை ஓங்குவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு அணி அணியாகப் போய் அடி வாங்கினார்கள். நேரில் பார்த்த ஆங்கிலப் பாதிரியார் சி.எஃப். ஆண்ட்ரூஸ் அதைப் பற்றி உருக்கமாக எழுதியிருக்கிறார். 1925இல்தான் சட்டம் வந்தது, குருத்வாராக்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிட்டியின் கைக்கு வந்தன. இன்றும் தினசரி அர்தாஸ் பிரார்த்தனையில், குருத்வாராக்களின் சேவைக்காக உயிரைக் கொடுத்தவர்களை நினைக்கிறார்கள். பிரிவினையில் எல்லைக்கு அப்பால் போன நங்கானா சாகிபைத் தடையின்றித் தரிசிக்கும் பேறு வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் நெருக்கமான ஒரு செய்தி உண்டு. 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்ததும் பெரியார் அங்கே போய்ச் சிறைப்பட்டதும் நமக்குத் தெரியும். அந்தப் போராட்டக்காரர்களுக்குச் சமைத்துப் போட பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து லங்கர் திறந்தார்கள். இது இந்துக்கள் தாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், வெளியார் உதவி வேண்டாம் என்பது காந்தியின் கருத்து. லங்கர் மூடப்பட்டது. காந்தியின் நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தங்கள் ஊரில் அடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இவ்வளவு தூரம் அரிசியும் கோதுமையும் திரட்டி அடுப்பு மூட்ட வந்ததற்குக் காரணம், அவர்கள் கோயில் வாசலில் நான்கு வருடம் முன்பு நடந்ததுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பஞ்சாபின் பல கிராமங்களில் இன்றும் தலித்துகளுக்குத் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு. 1925 சட்டம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. 1999இல் ஒரு பெண் கமிட்டித் தலைவராகவும் ஆனார். ஆனால் ஹர்மந்திர் சாகிபின் உள்ளே பெண்கள் கீர்த்தனை பாட இன்னும் வழியில்லை. பாட விட வேண்டும் என்று பஞ்சாப் சட்டமன்றம் 2019 நவம்பரில் தீர்மானமே போட்டது. லங்கரில் ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும், அமைச்சரானாலும் அப்படித்தான். அந்தச் சமத்துவம் கீர்த்தனை மேடைவரை எட்டவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையின் மூன்றாம் படத்துக்கு “எதிரே உள்ள அரண்மனை” என்று குறிப்பு போட்டிருக்கிறீர்கள். அது அரண்மனையல்ல, குரு ஹர்கோபிந்த் 1606இல் நிறுவிய அகால் தக்த். சீக்கியர்களின் ஐந்து தக்துகளில் முதன்மையானது. 1984 ராணுவ நடவடிக்கையில் சிதைந்து, அரசு கட்டிக் கொடுத்ததை ஏற்காமல் இடித்துவிட்டுச் சீக்கியர்கள் தாங்களே கல் சுமந்து திரும்பக் கட்டிய இடம். படத்தில் தெரிவது அந்தக் கட்டடம்தான். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி