அடிபம்புகளில் ஃபுளோரைடு அளவை எழுதி வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கிராம மக்கள்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: பொது அடிபம்பு, போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரைப் பரிசோதித்து ஃபுளோரைடு அளவை அங்கேயே எழுதி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு பல இடங்களில் அளவுக்கு மேல் இருப்பது தாங்கள் அறிந்ததே. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பெரிய பாரம் குறைந்தது. அதற்கு என்றும் நன்றி சொல்வோம். ஆனால் குழாய் உடைந்தாலோ மின்சாரம் நின்றாலோ மறுபடி அடிபம்புக்குத்தான் குடத்தோடு போகிறோம். தோட்டத்து வீடுகளிலும் போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தண்ணீர் குடிக்கத் தக்கதா என்று பார்த்தோ ருசித்தோ சொல்ல முடியாது. ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும். தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும். பாறையிலிருந்து கரைந்து வருவதால் பக்கத்துப் பக்கத்து போர்களிலேயே அளவு வேறுபடும். ஆகவே ஊருக்கு ஒரு மாதிரி எடுத்தால் போதாது, ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதே உச்ச வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் விழும் கறை பிறகு போகாது. அளவு மிக அதிகமாக இருந்து, வருடக்கணக்கில் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகிவிடும். இறுகிய எலும்பை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. வருமுன் காப்பது ஒன்றுதான் வழி.

வீடுதோறும் குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. குடிநீர் வாரியத்திடம் ஆய்வகமும் உண்டு. அறிவியல் கையில் இருக்கிறது. முடிவு மட்டும் தாளில் நின்றுவிடுகிறது, குடம் தூக்கும் பெண்ணிடம் வந்து சேரவில்லை. வங்கதேசத்தில் நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்த பிரச்சினை வந்தபோது, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். அதைப் பார்த்துப் பலர் வேறு கிணற்றுக்கு மாறினார்கள். இங்கும் அதையே கேட்கிறோம்.

எங்கள் வட்டத்தின் எல்லாப் பொது அடிபம்புகளையும் போர்களையும் மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, அளவையும் தேதியையும் அங்கேயே பெயிண்டில் எழுத வேண்டும். 1.5ஐத் தாண்டினால் சிவப்பு பூசி, ‘குடிக்க வேண்டாம், புழங்கலாம்’ என்று போட வேண்டும். பூட்டிவிட வேண்டாம், துணி துவைக்கவும் மாடு குளிப்பாட்டவும் அந்தத் தண்ணீர் தேவை. அப்புறம், பயிற்சி பெற்ற பெண்களின் பெட்டியில் ரசாயனம் தீர்ந்தால் உடனே மாற்றித் தரவும், பள்ளிப் பிள்ளைகளின் பற்களை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் எல்லா முடிவுகளையும் வாசித்துக் காட்ட வேண்டும்.

எல்லோருக்கும் பாதுகாப்பான குடிநீர் என்ற ஐ.நா. இலக்கிற்கு 2030தான் கெடு. வரும் கோடைக்குள் முதல் சுற்றுச் சோதனையை முடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மாதிரி எடுக்க வருபவர்களுடன் தெருத் தெருவாக வந்து உதவ எங்கள் ஊர் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கிராம மக்கள்

இணைப்பு: அடிபம்புகள், போர்கள் உள்ள இடங்களின் பட்டியல், கையொப்பங்கள்