பழைய பதிப்பை எடுத்துவிடாதீர்கள்: விளையாட்டு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸுக்கும் சேர்த்து விளையாட்டு வெளியிடும் சிறு நிறுவனத்தாருக்கும், ராத்திரி கண்விழித்துத் தனியாளாக எழுதும் நிரலர்களுக்கும்,

வணக்கம். ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பகலில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. கடையை மூடிய பிறகு லினக்ஸ் விளையாட்டுகளுக்குப் பேக்கேஜ், அதாவது எளிதாக நிறுவிக்கொள்ள உதவும் பொதி, கட்டுவேன். அதற்குச் சம்பளம் கிடையாது, யாரும் செய்யச் சொல்லவும் இல்லை. உங்கள் விளையாட்டை ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும் ஆட்களுக்கும் உங்களுக்கும் நடுவில் என்னைப் போல ஒருவர் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார்.

கேட்பது ஒன்றுதான். புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதை எடுத்துவிடாதீர்கள்.

போன தடைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகில் போகிற பையன்களுக்குப் பொழுது போகாது. நாலு பேர் என் கடைக்கு வந்தார்கள், கையில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். 2011-இல் தொடங்கிய திட்டம் அது. அக்காவுக்கும் அண்ணனுக்கும் பள்ளிக்கூடத்தில் கிடைத்து, வீட்டில் தூசி படிந்து கிடந்தவை. லினக்ஸ் போட்டு, கணினிகளை இணைக்கும் ஒரு பழைய நெட்வொர்க் சுவிட்சில் கேபிள் செருகி, நாலு பேரும் சேர்ந்து ஆடும் ஒரு போர் விளையாட்டையும் நிறுவிக் கொடுத்தேன். விளையாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். பதிப்பு 1.3.

மே மாத நடுவில் ஒரு லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. உப்புக்காற்று ஊரில் இது அதிசயமில்லை, இங்கே திருகாணிகூடத் துருப்பிடித்துத்தான் கழலும். வேறு டிஸ்க் மாட்டி எல்லாவற்றையும் மறுபடி நிறுவினேன். விளையாட்டுக்கு வந்ததும் 404, அதாவது அந்த முகவரியில் கோப்பே இல்லை. ஒரு வாரத்துக்கு முன்தான் 1.4 வந்திருக்கிறது, 1.3-ஐத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சரி, 1.4-ஐப் போடலாம் என்று போட்டால் கறுப்புச் சன்னல் ஒன்று திறந்து அப்படியே நிற்கிறது. விளையாட்டை, அதைச் செய்யப் பயன்படும் கோடாட் என்ற மென்பொருளின் 3-ஆம் பதிப்பிலிருந்து 4-க்கு மாற்றியிருந்தார்கள். 2023 மார்ச்சில் வந்த கோடாட் 4-இல், பழைய வரைகலைச் சிப்புகளுக்கு உதவிய ஜிஎல்இஎஸ்2 வழி இல்லை. அந்த லேப்டாப்புக்கு இது ஆகாது. ஆகியிருந்தாலும் 1.4 வைத்திருப்பவன் 1.3 வைத்திருப்பவர்களோடு சேர்ந்து ஆட முடியாது.

"அண்ணே, நேத்து வரைக்கும் ஓடுச்சே" என்றான் லேப்டாப்காரன். நான் என்ன பதில் சொல்ல?

பேக்கேஜ் கட்டுவது எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்குச் சிக்கல் புரியும். உங்களில் பலருடைய உரிமம் கோப்பை மறுபடி விநியோகிக்க விடுவதில்லை. ஆகவே கோப்பை நாங்கள் எங்கேயும் ஏற்றி வைக்க முடியாது. ஒரு சின்ன உரைக்கோப்பு மட்டும் எழுதுவோம். அதில் விளையாட்டின் பெயர், பதிப்பு எண், உங்கள் தளத்தில் கோப்பு இருக்கும் முகவரி, அப்புறம் எஸ்.எச்.ஏ.-256 முறையில் கணக்கிட்ட 64 எழுத்துச் செக்சம், கோப்பின் கைரேகை மாதிரி. பயனரின் கணினி உங்கள் தளத்திலிருந்தே கோப்பை இறக்கி, அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் விடை மொத்தமாக வேறாகிவிடும், நிறுவலும் நின்றுவிடும். ஏலத்தில் எடுத்த பெட்டியில் மேலே நல்ல நண்டும் அடியில் நசுங்கியதும் கிடந்தால் கொட்டிப் பார்த்தால்தான் தெரியும். இங்கே கொட்டாமலே தெரிந்துவிடும்.

கோப்பு காணாமல் போனால் 404 என்று தெளிவாகச் சொல்லிவிடும். அதைவிட மோசம், அதே பெயரில் புதியதை மேலேயே ஏற்றி வைப்பது. உங்களில் சிலர் கோப்புக்குப் பதிப்பு எண்ணே போடுவதில்லை, விளையாட்டின் பெயரோடு 'லினக்ஸ்' என்று சேர்த்து விட்டுவிடுகிறீர்கள். செக்சம் பொருந்தவில்லை என்றதும் பயனர் பயந்துபோய் என்னிடம்தான் வருவார். மாற்றியது நீங்களா, உங்கள் சர்வருக்குள் புகுந்த வேறு யாராவதா? ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கோப்பு வேண்டும். அதுதான் இல்லையே.

செக்சம் எவ்வளவு எளிதில் முறியும் என்பதற்கு ஒரு உதாரணம். 2023 ஜனவரி 30 அன்று, நிரலர்கள் நிரலைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில், தானாக உருவாகும் மூலநிரல் கோப்புகளைச் சுருக்கும் முறை மாறியது. உள்ளே இருந்த நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, செக்சம் மட்டும் மாறியது. எத்தனையோ பேர் மென்பொருள் கட்டும் வேலை நடுவில் நின்றது. அன்றைக்கே பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள்.

பழையது எதற்கு, புதியதில்தானே பிழை திருத்தியிருக்கிறோம் என்பீர்கள். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்.இஸட். சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு வைத்த கள்ளக்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலர் வெளியே சொன்னார். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பியது. அந்தப் பேக்கேஜுக்கு வைத்த எண்ணைப் பாருங்கள்: 5.6.1+ரியலி5.4.5, அதாவது பெயருக்கு 5.6.1, உண்மையில் 5.4.5. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். பழைய 5.4.5-இன் பிரதியை டெபியனே வைத்திருந்ததால் அது முடிந்தது. உங்கள் விளையாட்டுக்குப் பிரதி வைக்க எங்களுக்கு உரிமை இல்லை, அதனால் உங்களிடம் இல்லாதது வேறு எங்கேயும் இருக்காது.

எத்தனை நாள் வைக்க வேண்டும்? டெபியனின் ஒரு நிலையான பதிப்புக்கு, நீண்டகால ஆதரவையும் சேர்த்து, 5 ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். அந்த 5 ஆண்டும் அதை நம்பி ஆள் இருப்பார்கள். வெஸ்னாத் என்ற போர் விளையாட்டைப் பாருங்கள். 2024 மார்ச்சில் 1.18 வந்துவிட்டது, டெபியன் 12 வைத்திருப்பவர்கள் 1.16-இலேயே இருந்தார்கள். இரண்டும் சேர்ந்து ஆடாது, ஆனாலும் பழையதைத் தேடிப்போனால் கிடைக்கும். பழைய இயங்குதளத்தில் இருப்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: லினக்ஸ் நிரல்கள் எல்லாம் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் புதிய பதிப்போடு கம்பைல் செய்த விளையாட்டு பெரும்பாலும் பழைய ஜிலிப்சியில் திறக்காது.

இடம் போதாது என்று ஒருவர் சொன்னார். நான் தேடிய 1.3-இன் அளவு 180 எம்பி. இப்படி 10 பதிப்பு வைத்தாலும் 2 ஜிபிகூட வராது. பழைய பதிப்பைப் பற்றி யாராவது புகார் எழுதிக்கொண்டே இருப்பார்கள் என்பது நியாயமான கவலை. நானும் அந்த எரிச்சலைப் பட்டிருக்கிறேன். 'இதற்கு உதவி கிடையாது' என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஆபத்தான ஓட்டை இருந்தால் அதையும் சிவப்பில் எழுதுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கோப்பின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும், 'பழையவை' என்று ஒரு அடைவு இருக்கட்டும். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்பவர்கள் பழைய பதிப்பை பீட்டாக் கிளையாக, அதாவது வேண்டியவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் தனிப் பதிப்பாக, விட்டுவைக்கலாம், அந்த வசதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. இதெல்லாம் தலைவலி என்றால், மாற்றாத கோப்பை மறுபடி விநியோகிக்கலாம் என்று உரிமத்தில் ஒரு வரி சேருங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த லேப்டாப் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மற்ற மூன்றிலும் விளையாட்டு நிறுவப்பட்டிருந்தது, இறக்கிய மூலக்கோப்பை நானே இடம் போதாமல் துடைத்திருந்தேன். அது என் புத்தி. கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), இறக்கிய எதையும் அழிக்காதவர். அவரிடம் கேட்டேன். மறுநாள் பஸ்ஸில் ஒரு பென்டிரைவ் வந்தது, மேலே பேனாவால் 'துஆ, பாட்டு, கேம்' என்று எழுதியிருந்தது. கேமுக்கு உள்ளே 1.3 இருந்தது. செக்சத்தை ஓட்டி, நான் எழுதி வைத்திருந்த வரிக்கு நேர் கீழே ஒட்டி, 64 எழுத்தையும் விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நாலு பேரும் கடை வாசலில் உட்கார்ந்து ஆடினார்கள்.

அந்த விளையாட்டைச் செய்தவர் இதைப் படித்தால்: உங்கள் 1.3 என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்களிடம் இல்லை என்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்துப் பேக்கேஜ்காரன்