நகர் குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட நமது சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. கோலப் போட்டி முடிவு குறித்து வந்த கடிதம் செயற்குழுவின் பரிசீலனையில் உள்ளது. கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். மூன்றாவது குறுக்குத் தெருவில் விளக்கு எரிகிறது. தெருநாய் விஷயமாக மனு கொடுத்திருக்கிறோம்.

செயற்குழு மாதாமாதம் கூடியது. கோரம் (தேவையான குறைந்தபட்ச வருகை) சேர்ந்த மாதங்களில் தீர்மானமும் போட்டோம்.

பூங்காவும் கிணறும்

இந்த ஆண்டின் முக்கியமான வேலை பூங்காவில் தானியங்கித் தெளிப்பான் அமைத்ததுதான். இதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் பேசியவர்கள் பலர். நேரில் வந்து பார்த்தவர்கள் சிலர். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய மனைப்பிரிவு போடும்போது சாலை போக உள்ள நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நம் பூங்கா இருக்கும் ரிசர்வ் சைட் அப்படி வந்ததுதான். அதில் புல்தரை மட்டும் 12,000 சதுர அடி. இந்த இடம் தோட்டமாக இருந்த காலத்து வட்டக் கிணறும் அதன் மூலையிலேயே இருக்கிறது. 20 அடி விட்டம், கல் கட்டு. வடவள்ளிப் பக்கம் இப்படி எத்தனையோ கிணறுகளை மூடி வீடு கட்டிவிட்டார்கள். நாம் மூடாமல் விட்டோம், அதுவே பெரிய புண்ணியம்.

2024 கோடையில், கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணி அணையில் நீர்மட்டம் இறங்கி, வீட்டுக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் பூங்காப் புல் காய்கிறது என்று என்னிடம் புகார் சொன்னவர்களும் உண்டு. கிணற்றில் தண்ணீர் இருந்தது. பிடித்து ஊற்றத்தான் ஆள் இல்லை. தோட்டக்காரர் வந்த நாட்களிலும் பகல் பதினோரு மணிக்கு ஓஸைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மோட்டார் ரூம் பக்கம் சேறு, ஊஞ்சல் பக்கம் புழுதி. வெயில் ஏறிய பிறகு விடும் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு விட வேண்டிய தண்ணீரை அந்த நேரத்துக்கு எழுந்து வந்து யார் விடுவது? "ஏனுங்க செக்ரட்டரி, ஓஸ் புடிச்சாப் பத்தாதுங்களா?" என்று கேட்ட நண்பரை, அப்படியானால் வாரம் ஒருநாள் நீங்களே வந்து பிடியுங்கள் என்றேன். அதன் பிறகு அவர் இந்தப் பொருள் குறித்துப் பேசுவதில்லை.

விலைப்புள்ளி கொடுத்த நிறுவனம் ஒன்று, மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தே கணக்குப் போட்டது. 3 எச்.பி. ஓப்பன்வெல் மோட்டார், 28 ஹெட் (தண்ணீரைத் தெளிக்கும் முனை), முறைவைத்து நனைக்கப் புல்தரை மூன்று பகுதி, முடிந்தது என்றார்கள். இது குழாய்த் தண்ணீருக்குப் பொருந்தும் கணக்கு. கிணறு அப்படியல்ல. ஐப்பசி மழை முடிந்ததும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தண்ணீர், சித்திரையில் 55 அடிக்குக் கீழே போய்விடும். தூக்க வேண்டிய உயரம் கூடக் கூட, அதே மோட்டார் தரும் தண்ணீர் குறையும். ஆகவே சித்திரையில் அளந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். காலதாமதம் செய்கிறார் என்று என் மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு இதுதான்.

அளந்த விதம் எளிது. டெலிவரி குழாயில் பிரஷர் கேஜ் மாட்டி, கேட் வால்வைத் திருகி, முள்ளை 3 கிலோ அழுத்தத்தில் நிறுத்தி, 200 லிட்டர் டிரம்மில் பிடித்தோம். டிரம் நிரம்ப இரண்டு நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 100 லிட்டர். சுழலும் ஹெட் ஒன்று நிமிடத்துக்கு 12 லிட்டர் குடிக்கும். அவர்கள் சொன்னபடி மூன்றாகப் பிரித்தால் ஒரு பகுதியில் ஒன்பது பத்து ஹெட் வரும், ஏறக்குறைய 115 லிட்டர் வேண்டும். கிணறு தருவதோ 100. அழுத்தம் விழுந்து, ஹெட் சரியாகச் சுற்றாது, வீச்சும் எட்டாது. தரையில் பச்சை வட்டமும் நடுவே காய்ந்த திட்டுமாகத்தான் புல் இருந்திருக்கும். நான்காகப் பிரிக்கச் சொன்னேன். பகுதிக்கு ஏழு ஹெட், 84 லிட்டர். கூடுதலாக, மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வும் கொஞ்சம் ஒயரும்தான் செலவு. இந்தச் செலவைத்தான் "தேவையற்றது" என்று ஒரு கடிதம் குறிப்பிடுகிறது.

அதே டிரம்மை மார்கழியில் பிடித்தபோது ஒன்றரை நிமிடத்தில் நிரம்பியது. தண்ணீர் அதிகம் வரும் காலத்தில் அழுத்தமும் கூடி, ஹெட்டிலிருந்து தண்ணீர் புகையாகப் பறந்து அடுத்த வீட்டுக் கார் மேல் போய் விழும். அதற்காகவே மிகுதித் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்ப ஒரு பைபாஸ் குழாய் வைத்திருக்கிறோம். "மோட்டார் ஓடுது, தண்ணி மறுபடியும் கிணத்துக்கே ஊத்துது, கரண்ட் வேஸ்ட்" என்று வீடியோ எடுத்துப் போட்டவர், அந்த கேட் வால்வைத் தொடாமல் இருந்ததற்கு நன்றி.

புல்லுக்கு ஒரு முறை 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் மொத்தம் சுமார் 5,600 லிட்டர். பகுதிக்குப் பதினேழு நிமிடம். நம் கிணற்றில் அது ஒரு சாண் இறக்கம். கோடையிலும் சாயங்காலத்துக்குள் ஊறிவிடுகிறது. கிணற்றைக் காலி பண்ணுகிறோம் என்று கவலைப்படுபவர்கள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வந்து எட்டிப் பார்க்கலாம். வேலிக்கு உள்ளே சாய வேண்டாம்.

நேரம் பார்த்து வால்வுகளைத் திறந்து மூடும் கன்ட்ரோலர், கைபேசி ஆப்போடு இணைந்தது, 24 வோல்ட்டில் ஓடுவது. நம் மோட்டாரோ த்ரீ பேஸ். நடுவில் ஒரு ரிலே வைத்து ஸ்டார்ட்டரின் காயிலுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். முதலில் வந்த எலக்ட்ரீசியன் ரிலேவிலேயே மோட்டார் லைனைக் கொடுக்கப் பார்த்தார், தடுத்து நிறுத்தினோம். கிணற்றுப் பாசியும் வேப்பிலையும் ஹெட்டை அடைக்காமலிருக்க 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர் வைத்திருக்கிறோம். அதை வாரம் ஒருமுறை கழற்றி அலச வேண்டும். பச்சைக் குழம்பாக வரும், மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் தண்ணீர் கடினத் தண்ணீர் என்பதால் நாசிலில் வெள்ளையாகப் படியும் உப்பை அவ்வப்போது வினிகரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். இந்த இரண்டு வேலையும் இப்போதைக்குச் செயலாளர் பதவியின் கடமைகளில் சேர்ந்திருக்கின்றன. துணை விதிகளில் தேடினேன், அப்படி ஒன்றும் இல்லை.

இனி பிப்ரவரி மாத விவகாரம். ஆப் தினமும் "நீர் பாய்ச்சப்பட்டது" என்று பச்சை டிக் காட்டியது. புல்லோ வைக்கோல் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை டிக்கையும் காய்ந்த புல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு உறுப்பினர் குழுவில் போட, அதற்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டேன். விஷயம் இதுதான்: கன்ட்ரோலர் வால்வைத் திறந்ததைத்தான் ஆப் சொல்கிறது. தண்ணீர் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. விடியற்காலையில் ஒரு பேஸ் போயிருந்தது. சிங்கிள் பேஸ் பிரிவென்டர் தன் கடமையைச் செய்து மோட்டாரை ஓடவிடவில்லை. அது ஓடவிட்டிருந்தால் இன்று நான் காயில் கட்டிய பில்லோடு நின்றிருப்பேன். இப்போது மெயின் லைனில் ஃப்ளோ சென்சார் மாட்டியாகிவிட்டது. தண்ணீர் ஓடாவிட்டால் என் கைபேசி கத்துகிறது. வீட்டில் இதற்கு எழுந்துள்ள ஆட்சேபணை தனி.

மழை விஷயத்திலும் அப்படித்தான். மழை பெய்தால் தானாகவே நிறுத்திவிடும் என்பதுதான் இதன் பெருமை. ஆனால் அது இணையத்தில் எடுத்த மழைக் கணக்கு நம் தெருவுக்கானது அல்ல. மலையடிவாரத்தில் நமக்குச் சாரல் அடிக்கும்போது, ஊரின் மறுபக்கத்துப் பீளமேட்டில் வெயில் அடிக்கும். அங்கே கொட்டும்போது இங்கே ஒரு சொட்டு விழாது. மழை நின்று ஈரம் காயாத தரையில் தெளிப்பான் ஓடியதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்காக மோட்டார் ரூம் கூரையில் மழை சென்சார் வைத்தாயிற்று. இனி அது நம் கூரையில் விழும் மழையை மட்டும் நம்பும்.

ஆப்பின் பாஸ்வேர்டை ஏன் எல்லோருக்கும் தரவில்லை என்று கேட்கிறார்கள். முதலில் கேட்டவர்களுக்கெல்லாம் தரத்தான் செய்தோம். வெளிநாட்டிலிருக்கும் ஒரு காலிமனை உரிமையாளர், தன் ஊர்ப் பகல் நேரத்தில் இரண்டாம் பகுதியைத் திறந்து பார்த்தார். இங்கே நள்ளிரவு. ஊஞ்சல் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் நனைந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு அங்கே என்ன வேலை என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து பாஸ்வேர்டு என்னிடமும் பொருளாளரிடமும் மட்டும் உள்ளது. மேற்படி உறுப்பினரின் சந்தா மூன்று ஆண்டாக நிலுவையில் இருப்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மயில்கள் ஹெட்டைக் கொத்துகின்றன என்ற புகாரும் வந்தது. உண்மைதான், ஹெட் எழும்பும் 'சர்' சத்தத்துக்கே ஓடி வருகின்றன. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவையின் மீது செயலாளர் எடுக்கக்கூடிய நடவடிக்கை எதுவும் இல்லை.

சந்தாவும் கணக்கும்

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தணிக்கையும் முடிந்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதல். கையிருப்பு இருக்கிறது. தெளிப்பானுக்குப் பெரும்பகுதி சிறப்பு நன்கொடையிலிருந்து வந்தது, மீதி பொது நிதியிலிருந்து ஈடு செய்யப்பட்டது. ஒருவர் முன்பணமாகக் கொடுத்த தொகை இன்னும் திருப்பித் தரப்படவில்லை. அந்த ஒருவர் அதை நினைவூட்ட விரும்பவில்லை.

சந்தாவைப் பொறுத்தவரை, ஒழுங்காகக் கட்டுபவர்கள் எப்போதும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். மற்றவர்களிடம் போனால் பூங்காவில் புல் காய்ந்திருந்தபோது, "புல்லே இல்லாத பூங்காவுக்கு என்னங்க சந்தா?" என்றார்கள். புல் பச்சையானதும், "அதான் எல்லாம் தானா நடக்குதே, அப்புறம் எதுக்குங்க சந்தா?" என்கிறார்கள். மோட்டாருக்கு இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் கரண்ட் பில் தானாகக் கட்டிக்கொள்வதில்லை. வாடகைக்கு விட்டவர்கள் குடியிருப்பவரைக் கேளுங்கள் என்கிறார்கள், குடியிருப்பவர்கள் ஓனரைக் கேளுங்கள் என்கிறார்கள். காலிமனைக்காரர்களில் சிலர் போனையே எடுப்பதில்லை. மனை விற்கும் நேரத்தில் மட்டும் சங்கத்தின் கடிதம் வேண்டுமென்று வந்து நிற்கிறார்கள். அப்போது அவர்களை உட்காரவைத்து டீ கொடுப்பதும் நாம்தான்.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. தலைவர் வேண்டாம் என்றார், கட்டுப்பட்டேன். பட்டியல் தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக உள்ளது.

நன்றி

வழிகாட்டிய தலைவருக்கும், பில் இல்லாமல் ஒரு ரூபாய் கூடத் தராத பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்ட செயற்குழு உறுப்பினர்களுக்கும், காவலாளிக்கும், தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி. பூங்காவை ஒட்டிய கடைசி வீட்டு அம்மா தம் வைஃபையைக் கன்ட்ரோலருக்குக் கொடுத்து உதவுகிறார்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும் என்பதற்காகத் தம் ரூட்டரையே மாற்றியமைத்தார்கள். பேரன் லீவுக்கு வரும்போது பாஸ்வேர்டை மாற்றாமல் பார்த்துக்கொள்ளும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டு

கிணற்றில் தூர் வாரிப் பல வருடம் ஆகிறது, இந்த வைகாசிக்குள் வாரியாக வேண்டும். கிணற்று மேல் வலை போட வேண்டும், இலை விழுவது பாதியாகக் குறையும். நிதி இருந்தால் மொட்டைமாடி மழைத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பும் வேலையையும் தொடங்கலாம், கிணற்றை ஒட்டிய சில வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஃபில்டர் அலச ஆள் வேண்டும். இதற்கு இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை, சனிக்கிழமை காலையில் வீட்டில் இருந்தால் போதும்.

செயலாளர் பதவிக்கு இந்த முறை வேறு யாராவது வந்தால் கன்ட்ரோலர் சாவி, வயரிங் படம், நான்கு வால்வுப் பெட்டிகள் இருக்கும் இடத்தின் வரைபடம் எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். சென்ற பொதுக்குழுவிலும் இதையே சொன்னேன். அப்போது கைதட்டினார்கள், பெயர் கொடுக்கவில்லை. வேட்புமனுப் படிவம் மேசையில் இருக்கிறது. யாரும் வராவிட்டால் நானே தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சந்தா நிலுவை இதே நிலையில் இருந்தால் தூர் வாருவது பற்றி அடுத்த ஆண்டும் இதே பத்தியைத்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். ஜிபே ஸ்கேனரும் டீ மேசைக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்