நாகையாவின் டைரக்‌ஷனைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய நடிகர் சித்தூர் வி. நாகையா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவர் வாரி வழங்கியதும், கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல் சிரமப்பட்டதும் விரிவாக வந்திருக்கின்றன. படம் இயக்கியதற்கு ஒரே ஒரு வரி. அவரைப் பற்றி யார் எழுதினாலும் இப்படித்தான், 'ஐயோ பாவம்' என்று முடித்துவிடுகிறார்கள். மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன்.

1946-ல் வந்த 'தியாகய்யா'வைத் தயாரித்து, இயக்கி, தியாகராஜராக நடித்து, கீர்த்தனைகளைத் தம் குரலிலேயே பாடியவர் அவர். இசையும் அவருடையதே. 1953-ல் 'என் வீடு' படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர இயக்கினார். அறுபது வயதில், 1964-ல், மறுபடியும் 'ராமதாசு'. இத்தனையும் செய்தவரை 'அப்பா வேட நடிகர்' என்று ஒரு சொல்லில் அடக்கலாமா?

அப்பா வேடம் என்றாலும் அது லேசான காரியமா? 1941-ல் 'அசோக்குமார்' படத்தில் கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதருக்குத் தகப்பனாக, அசோகச் சக்கரவர்த்தியாக வந்தார். இருவருக்கும் வயது வித்தியாசம் ஆறே வருஷம்தான்! பார்க்கிறவர்களுக்கு அந்த நினைப்பே வராது.

எங்கள் கீழக்கரையில் அவரை நாகையா என்பதைவிட 'இஸ்மாயில் பாய்' என்றால்தான் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும். 1961-ல் பீம்சிங் இயக்கிய 'பாவ மன்னிப்பு' படத்தில் சிவாஜியை எடுத்து வளர்க்கிறவர். அந்தக் காலத்துச் சினிமாவில் முஸ்லிம் என்றாலே 'நம்பள்கி, நிம்பள்கி' என்று அரைகுறைத் தமிழில் பேச வைப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழே பேசி, சங்கும் முத்தும் வியாபாரம் செய்து வந்த இந்தக் கரைக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நாகையா அந்தக் கோமாளித்தனம் எதுவும் செய்யவில்லை. பேச்சில் தெலுங்கு வாடை லேசாக அடிக்கும். ஆனால் குரலைத் தாழ்த்தி, அவசரப்படாமல், எதிரில் நிற்பவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து பேசுவார். எங்கள் தெருவில் பஞ்சாயத்து பேச வரும் பெரியவர்களின் பேச்சு அப்படியே அதுதான். "தொப்பி வச்சா மட்டும் பாய் ஆயிட முடியுமா? அந்தப் பதம் வேணும், அது இவர்கிட்ட இருக்கு" என்பார் என் வாப்பா. தியாகராஜராகவே மாறிப்போனவர் என்று பெயரெடுத்தவருக்கு இதுவும் கைவந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அதே படத்தில் 'எல்லோரும் கொண்டாடுவோம்' பாட்டில் டி.எம்.எஸ்ஸோடு ஒலிப்பது நாகூர் ஹனிபாவின் குரல். ஹனிபா பிறந்தது எங்கள் இராமநாதபுரத்தில். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் இன்றைக்கும் அந்தப் பாட்டு கேட்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாகையாவின் வறுமையைப் பற்றி எழுதியது போதும். இயக்குநராக அவர் பாட்டை எங்கே நிறுத்தினார், எங்கே வளரவிட்டார், சக நடிகர்களிடம் எப்படி வேலை வாங்கினார் என்று சினிமாத் தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். 'என் வீடு' படத்தின் விளம்பரமோ ஸ்டில்லோ உங்கள் பழைய இதழ்களில் இருந்தால் கூடவே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கீழக்கரை வாசகர்